பழைய வாக்மேன், பூம்பாக்ஸ்: அடையாளம் கண்டு வாங்குவது எப்படி?

பாட்டுக் கேட்க மொபைல் போன் வந்த பிறகு கேசட் பிளேயர்களை நம்மில் பலர் பரணில் ஏற்றிவிட்டோம். சிலர் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டோம். ஆனால் கேசட்டுகளை அப்படித் தூக்கிப் போட மனம் வருவதில்லை. குழந்தையின் மழலை, வீட்டுத் திருமணத்தில் பதிவு செய்த நாதஸ்வரம், வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர் கடிதத்திற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், இன்று நம்முடன் இல்லாத தாத்தாவின் குரல் என ஏதாவது ஒன்று பல வீடுகளில் இருக்கிறது. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கலாம் என்று நினைக்கும்போதுதான், போட்டுக் கேட்க ஒரு நல்ல பிளேயர் வீட்டில் இல்லை என்பது தெரிய வருகிறது.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். இன்றும் புதிய கேசட் பிளேயர்கள் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரே வகை மெக்கானிசம்தான். டனாஷின் என்ற ஜப்பான் நிறுவனம் குறைந்த விலைக் கருவிகளுக்காக வடிவமைத்த மெக்கானிசத்தைப் பின்பற்றிச் சீனாவில் தயாராகும் நகல்கள் இவை. ஃபியோ நிறுவனம் 2024ல் கொண்டுவந்த சி.பி.13 போன்ற சில மாடல்களில் பெரிய ஃப்ளைவீல் பொருத்தி இதனை மேம்படுத்தியுள்ளனர். ஆனாலும் டால்பி வசதி இதில் இல்லை. 1980களில் ஜப்பானில் தயாரான ஒரு நல்ல வாக்மேனை ஒழுங்காகச் சரி செய்து வைத்தால், அது இந்தப் புதிய கருவிகள் பலவற்றைவிட நிதானமான வேகத்தில், தெளிவாகப் பாடும்.

இந்தக் காரணத்தினாலும், பழைய பொருட்களைச் சேர்ப்போர் அதிகமாகிவிட்டதாலும், பழைய பிளேயர்களுக்கு இன்று நல்ல விலை இருக்கிறது. விலை இருக்கும் இடத்தில் ஏமாற்றமும் இருக்கும். முகப்பில் உள்ள பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு கேசட் பிளேயர் எது, எப்போது வந்தது, எந்த நாட்டிற்காகச் செய்யப்பட்டது, உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்பதற்கான பதில்கள் பின்பக்க லேபிளிலும், ரேடியோ டயலிலும், பேட்டரி அறையிலும், கேசட் கதவுக்குப் பின்னாலும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முறையை இங்கு பார்க்கலாம்.

சிறிய வரலாறு

காம்பாக்ட் கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. லூ ஒட்டன்ஸ் என்ற பொறியாளர் தலைமையிலான குழு இதனை உருவாக்கியது. டேப்பின் வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. என்று அன்று முடிவானது. அது இன்று வரை மாறவில்லை. 1963ல் பதிவான கேசட்டை இன்றைய பிளேயரிலும் கேட்க முடிவதற்கு இதுவே காரணம். ரேடியோவையும் கேசட் ரெக்கார்டரையும் ஒரே பெட்டியில் வைக்கும் முயற்சி 1960களிலேயே தொடங்கிவிட்டது. நம் ஊரில் டூ-இன்-ஒன் என்று அழைத்தோமே, அதன் பெரிய உருவம்தான் அமெரிக்காவில் பூம்பாக்ஸ் ஆனது.

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ஜப்பானில் முதல் வாக்மேனை 33,000 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனையை 2010ல் நிறுத்திக் கொண்டது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் வந்த நூற்றுக்கணக்கான மாடல்கள்தான் இன்று பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன. (நடந்துகொண்டே கேட்கும் ஸ்டீரியோ என்ற யோசனைக்கு ஆண்ட்ரியாஸ் பாவெல் என்பவர் 1977லேயே இத்தாலியில் காப்புரிமை கேட்டிருந்தார். சோனியுடன் அவருக்கு நடந்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 2000களில்தான் சமரசத்தில் முடிந்தது.)

முதல் வாக்மேனை அடையாளம் காண

சேகரிப்போர் அனைவரும் தேடுவது டி.பி.எஸ்.-எல்2 என்ற இந்த முதல் மாடலைத்தான். 2014ல் வந்த கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி என்ற ஹாலிவுட் படத்தில் கதாநாயகன் இடுப்பில் மாட்டியிருப்பது இதுவே. படத்திற்குப் பின்னர் இதன் விலை இன்னும் ஏறியது.

நீலமும் வெள்ளியும் கலந்த உலோக உடல்; இரண்டு ஹெட்போன் ஜாக்குகள்; ஆரஞ்சு நிறத்தில் ஹாட்லைன் என்ற ஒரு பட்டன். இவை மூன்றும் இருக்க வேண்டும். தனியாக ஒருவர் மட்டும் பாட்டுக் கேட்பது மற்றவரை அவமதிப்பது போலாகிவிடுமோ என்று சோனியின் அகியோ மொரிட்டா கவலைப்பட்டாராம். எனவே இருவர் கேட்க இரண்டு ஜாக்குகள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேசிக்கொள்ள ஆரஞ்சு பட்டன்; அதை அழுத்தினால் பாட்டின் ஒலி குறைந்து, உள்ளே இருக்கும் மைக் வழியாகப் பேச்சு ஹெட்போனில் கேட்கும். மைக் இருக்கிறதே என்று நினைத்து இதில் பதிவு செய்ய முயற்சிக்க வேண்டாம். செய்தியாளர்களுக்காக வந்த பிரஸ்மேன் என்ற சிறிய ரெக்கார்டரில் பதிவு வசதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ ஒலியைச் சேர்த்து உருவானதுதான் வாக்மேன்.

முதலில் வந்தவற்றில் இரண்டு ஜாக்குகளுக்கும் கீழே கைஸ், டால்ஸ் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். பின்னர் வந்தவற்றில் ஏ, பி என்று மாற்றிவிட்டனர். முந்தையது அரிது, விலையும் அதிகம். முகப்பில் வாக்மேன் என்ற சொல் இல்லையென்றால் போலி என்று முடிவு செய்துவிடாதீர்கள். தொடக்கத்தில் அமெரிக்காவில் சவுண்டபவுட், இங்கிலாந்தில் ஸ்டோவவே, ஸ்வீடனில் ஃப்ரீஸ்டைல் என்ற பெயர்களில் இதே கருவி விற்பனையானது.

மாடல் எண்ணைப் படியுங்கள்

மற்ற மாடல்களுக்கு, பின்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணே நல்ல வழிகாட்டி. எண்ணுக்கு முன் வரும் ஆங்கில எழுத்துகளைக் கவனித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். சோனியில் டபிள்யூ.எம். என்று தொடங்கினால் வாக்மேன். அதனுடன் எஃப் சேர்ந்தால் ரேடியோ உண்டு. ஆர் சேர்ந்தால் பதிவு செய்யும் வசதி உண்டு. இ.எக்ஸ்., எஃப்.எக்ஸ். என்று வந்தால் அது பிந்தைய காலத்து மாடல். டி.சி.எம். என்பது பேச்சுப் பதிவுக்கான மோனோ ரெக்கார்டர், டி.சி.எஸ். அதன் ஸ்டீரியோ தம்பி. பெரிய செட்களில் சி.எஃப்.எஸ். என்றால் ஸ்டீரியோ, சி.எஃப்.எம். என்றால் மோனோ, சி.எஃப்.டி. என்றால் சிடி பிளேயரும் சேர்ந்தது. "ஸ்டீரியோ செட் சார்" என்று கடைக்காரர் சி.எஃப்.எம். ஒன்றை நீட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பானாசோனிக் கருவிகளில் ஆர்.எக்ஸ். என்றால் ரேடியோவுடன் கூடிய கேசட் செட், ஆர்.க்யூ. என்றால் கேசட் கருவி. நம் ஊருக்கு வந்த பல செட்களில் நேஷனல் பானாசோனிக் என்று இரட்டைப் பெயர் இருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டும் மட்சுஷிடா என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள்தான். ஐவாவில் எச்.எஸ். என்பது ஹெட்போன் வகை, சி.எஸ். என்பது பெரிய செட். ஜேவிசியின் பெரிய செட்கள் ஆர்.சி. என்றும், ஷார்ப்பின் செட்கள் ஜி.எஃப். என்றும், ஹிட்டாச்சியின் செட்கள் டி.ஆர்.கே. என்றும் தொடங்கும். தோஷிபாவில் ஆர்.டி. பெரியது, கே.டி. சிறியது. தோஷிபாவின் வாக்கி என்ற வரிசையில் ஒரு வேடிக்கை உண்டு. கேசட் வடிவத்திலேயே ஒரு எஃப்.எம். ரேடியோ தருவார்கள், கேசட் போடும் இடத்தில் அதைப் போட்டால் பிளேயர் ரேடியோவாகிவிடும். அந்த ரேடியோ கேசட் தொலையாமல் கிடைத்தால் விடாதீர்கள்.

எந்த வருடத்தைச் சேர்ந்தது?

தயாரித்த வருடத்தைப் பல நிறுவனங்கள் லேபிளில் போடுவதில்லை. ஆனால் உடலில் அச்சிடப்பட்டுள்ள சில சொற்கள் வருடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

டேப் வகைக்கான சுவிட்சைப் பாருங்கள். மெட்டல் என்ற சொல் இருந்தால், அந்தக் கருவி 1970களின் கடைசிக்கு முன் வந்திருக்க முடியாது. ஏனெனில் மெட்டல் கேசட்டுகளே அப்போதுதான் விற்பனைக்கு வந்தன. நார்மல், குரோம் ஆகிய இரண்டு மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம், அல்லது பின்னால் வந்த விலை குறைந்த மாடலாக இருக்கலாம். டால்பி பி என்பது கேசட் கருவிகளில் 1970 முதல் இருக்கிறது. டால்பி சி 1980ல் வந்தது. எனவே பி, சி இரண்டும் உள்ள ஒரு செட்டை 1975 மாடல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெரிய செட்களில் வெளியிலிருந்து இணைப்புத் தரும் சாக்கெட்டின் மேல் சிடி என்று எழுதியிருந்தால், அது 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்த பிறகு தயாரானது. மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது என்ற லேபிள் இருந்தால், இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990 அக்டோபருக்கு முந்தையது. ஐரோப்பாவின் சி.இ. முத்திரை இருந்தால் 1990களிலோ அதற்குப் பிறகோ வந்த கருவி. ஒரே வரிசை மாடல்களில் ஜப்பான் தயாரிப்பும் பின்னர் மலேசியா, சீனத் தயாரிப்பும் இருந்தால், ஜப்பான் தயாரிப்புக்குச் சேகரிப்போர் அதிக விலை தருவார்கள். தரத்தில் எப்போதும் அந்த அளவு வேறுபாடு இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை "இதற்கு முன்னால் இல்லை" என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். எத்தனை ஆண்டுகள் கழித்து வந்தது என்பதைச் சொல்லாது. அதனால் ஒன்றை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

எந்த நாட்டிற்கான செட்?

ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகா ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஜப்பானில் விற்பதற்காகச் செய்த பழைய செட்களின் டயல் 76லிருந்து 90 வரைதான் இருக்கும். சிலவற்றில் அது 108 வரை நீண்டு, 1 முதல் 3 வரை டிவி சானல் என்று எழுதியிருக்கும். அந்த நாட்டின் பழைய அனலாக் டிவி சானல்களின் ஒலியைக் கேட்பதற்கான வசதி அது. நம் நாட்டு எஃப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 வரை உள்ளவை. சென்னையில் 93.5, 98.3, 101.4 என்றெல்லாம் கேட்டுப் பழகியவர்கள் 76-90 டயல் உள்ள செட்டை வாங்கிவிட்டு, ரேடியோ கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது, நாடுதான் வேறு.

டயலில் லாங் வேவ் இருந்தால் அது ஐரோப்பாவுக்கானது. ஏ.எம்., எஃப்.எம். இரண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்காவுக்கானது. ஷார்ட் வேவ் அலைவரிசைகள் இருந்தால் ஆசியா, வளைகுடா, ஆப்பிரிக்கா போன்ற சந்தைகளுக்குப் போயிருக்கும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் தோளில் சுமந்து கொண்டுவந்த செட்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பின்னால் ஐந்து ஓட்டைகள் கொண்ட வட்டமான டின் சாக்கெட் இருந்தால் அது ஐரோப்பியப் பழக்கம்.

டயலை விட முக்கியமானது மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். 100 வோல்ட் செட்டை நம் வீட்டுப் பிளக்கில் நேராகச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். பின்பக்கத்திலோ பேட்டரி அறைக்குள்ளோ வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 220-240 பக்கம் தள்ளிய பின்னரே பிளக்கைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பயன்படுத்துங்கள், அல்லது பேட்டரியில் ஓட்டுங்கள். வாக்மேனில் அடாப்டர் சொருகும் இடத்திற்கு அருகில் பிளஸ், மைனஸ் குறியிட்ட சிறு வட்டப் படம் இருக்கும். பழைய ஜப்பான் கருவிகள் பலவற்றில் நடுவில் மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். பார்க்காமல் சொருகக் கூடாது.

பூம்பாக்ஸ்: ஒரே செட், பல பெயர்கள்

வாக்மேன்களை விடப் பூம்பாக்ஸ்களில் குழப்பம் அதிகம். ஒரு தொழிற்சாலையில் தயாரான செட்டைப் பல நாட்டு வியாபாரிகள் வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்பார்கள். கோனியன் சி-100எஃப் என்ற பிரபலமான செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேசட் கதவுகள்; யாராவது நகர்த்தினால் அலறும் திருட்டு அலாரம் வேறு. இதே செட் கிளேர்டோன் 7980 என்றும், ஹீலிக்ஸ் எச்.எக்ஸ்.-4635 என்றும் விற்கப்பட்டது. பெயரைத் தேடி அதிக விலை கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, விஷயம் தெரிந்தவர்கள் பிரபலமாகாத பெயருள்ள அதே செட்டைக் குறைந்த விலையில் எடுத்துச் செல்கிறார்கள்.

ஸ்பைக் லீ இயக்கிய டூ தி ரைட் திங் (1989) படத்தில் ரேடியோ ரஹீம் என்ற பாத்திரம் சுமந்து திரியும் பெரிய செட்டும் இப்படித்தான். சூப்பர் ஜம்போ என்ற அந்த மாடல் ப்ரோமேக்ஸ், டெக்சோனிக் ஆகிய பெயர்களில் கிடைக்கும். அதற்கு டார்ச் லைட்டில் போடும் பெரிய பேட்டரி 20 வேண்டும் என்று ரஹீம் கடையில் கேட்கும் காட்சி படத்தில் உண்டு. படத்தில் பயன்படுத்திய செட் இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்.எல். கூல் ஜே என்ற ராப் பாடகரின் ரேடியோ (1985) ஆல்பத்தின் அட்டையில் இருப்பது ஜேவிசி ஆர்.சி.-எம்90. இப்படிப் படத்திலும் அட்டையிலும் இடம்பிடித்த மாடல்களுக்கு விலை தனி. நல்ல ஒலிதான் வேண்டும் என்றால் அந்தப் பட்டியலுக்கு வெளியே பாருங்கள், பணம் மிச்சமாகும்.

உருவத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஜேவிசியின் ஆர்.சி.-550ல் 10 அங்குல ஸ்பீக்கர் இருக்கிறது. ஆனால் அது மோனோ செட். (அதற்காக அதன் மதிப்பு குறைவு என்று பொருளில்லை, சேகரிப்போர் தேடும் செட்களில் அதுவும் ஒன்று.) விலை குறைந்த சில செட்களில் நான்கு, ஆறு ஸ்பீக்கர்கள் தெரியும். வலையைக் கழற்றிப் பார்த்தால் சில வெறும் பிளாஸ்டிக் அச்சு! பாடும்போது பேலன்ஸ் குமிழை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிடமும் காதை வைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அதேபோல் லாசோனிக் டி.ஆர்.சி.-931 என்ற பழைய செட்டின் தோற்றத்தில் ஐ931 என்று ஒன்று பின்னாளில் வந்தது. அது ஐபாட் இணைத்துக் கேட்பதற்கானது. சிறிய போட்டோவில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். மாடல் எண் தெரியும் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

"ஒர்க்கிங் கண்டிஷன்" என்றால் என்ன?

விற்பவர் சொல்லும் இந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பெரும்பாலும், பேட்டரி போட்டால் விளக்கு எரிகிறது என்று மட்டுமே அர்த்தம். கேசட் பிளேயரில் முதலில் போவது ரப்பர் பெல்ட். மோட்டாரின் சுழற்சியை ஃப்ளைவீலுக்குக் கொண்டு செல்வது இதுதான். 30, 40 ஆண்டுகளில் இது தளர்ந்துபோகும். சிலவற்றில் உருகித் தார் போல ஒட்டிக்கொள்ளும். பெல்ட் போன செட்டை எண்ணிப் பயப்பட வேண்டாம். உருகிய பெல்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பொறுமையாகத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவான சுற்றளவில் புதிய பெல்ட் வாங்கலாம். பெல்ட் தட்டையானதா, சதுரமானதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உதிரிப் பாகம் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இணையத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தும் தேடலாம்.

பெல்ட் போனால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மற்ற சில பழுதுகள் அப்படி அல்ல. சோனியின் உயர்தர டபிள்யூ.எம்.-டிடி வரிசையில், 1982ல் வந்த முதல் மாடல் தொடங்கிப் பலவற்றில், நடுவில் உள்ள ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்துவிடும். ஓடும்போது "டக், டக்" என்று சீரான இடைவெளியில் சத்தம் கேட்டால் அதுதான். மாற்றுச் சக்கரம் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரித்து மாட்டக் கை பழகியிருக்க வேண்டும். 1980களின் கடைசியிலும் 1990களிலும் வந்த மெல்லிய மாடல்களில், சர்க்யூட் போர்டில் உள்ள சிறிய கெப்பாசிட்டர்கள் கசிந்து ஒலி மங்கிவிடும். அல்லது ஒரு பக்கம் ஒலியே வராது. அழகாக இருக்கிறதே என்று முதல் வாக்மேனாக இந்த வகையை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேட்டரி அறையைத் திறக்கச் சொல்லுங்கள். பச்சை, வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. லேசான கசிவை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, பின்னர் ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்திடலாம். தகடே அரித்துப் போயிருந்தால் கசிவு உள்ளே போர்டு வரை போயிருக்கும், விட்டுவிடுங்கள். அடுத்து கேசட் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட் வழவழப்பாக இருக்க வேண்டும். டேப்பின் அகலத்திற்கு நகத்தில் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால் அது நிறைய ஓடிய செட். பிஞ்ச் ரோலர் என்ற கருப்பு ரப்பர் உருளை மங்கலாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். கண்ணாடி போல் பளபளத்தால் ரப்பர் இறுகிவிட்டது. அதுதான் டேப்பைக் கடித்துச் சுருட்டும்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் பின்பக்க லேபிள், பேட்டரி அறை, திறந்த கேசட் கதவு, கேசட் ஓடும்போது எடுத்த வீடியோ ஆகிய நான்கையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கடையில் வாங்கிய ஆல்பம் கேசட்டில் உள்ள ஒரு பாட்டின் நீளத்தை, அதே பாட்டின் சிடி நீளத்துடன் ஒப்பிடுங்கள். 5 நிமிடப் பாட்டு 3 விநாடி முன்பின் வந்தால் 1 சதவீத வேறுபாடு, பாதகமில்லை. 15 விநாடி என்றால் குரலே மாறித் தெரியும். பல செட்களில் மோட்டாரின் பின்புறம் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உள்ள திருகைச் சிறிய ஸ்குரூடிரைவரால் இம்மி இம்மியாகத் திருப்பி வேகத்தைச் சரி செய்யலாம்.

வீட்டுக் கேசட்டுகளை ஏற்ற எது நல்லது?

அரிய மாடலைச் சேர்ப்பது ஒரு நோக்கம். தாத்தாவின் குரலைக் காப்பாற்றுவது வேறு நோக்கம். இரண்டாவது நோக்கத்திற்கு டி.பி.எஸ்.-எல்2 தேவையே இல்லை. ஆட்டோ ரிவர்ஸ் இல்லாத, ஜப்பான் தயாரிப்பான, சாதாரண ஸ்டீரியோ வாக்மேன் போதும். ஆட்டோ ரிவர்ஸ் வசதியானதுதான். ஆனால் இரு திசையிலும் ஹெட்டின் சாய்வு சரியாக அமைவது கடினம். சாய்வு தவறினால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகைத் திருப்பி, "ச", "ஸ" போன்ற ஒலிகள் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் கேசட்டைப் பதிவு செய்த ரெக்கார்டரின் சாய்வுக்கு இப்போது உங்கள் பிளேயர் பொருந்திவிட்டது. டால்பி இல்லையே என்ற கவலையும் வேண்டாம். வீட்டு டூ-இன்-ஒன்களில் பதிவான பேச்சுக்குப் பெரும்பாலும் டால்பி பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

இனி இணைப்பு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்னால் நீல நிறத்தில் உள்ள லைன்-இன் ஜாக்கில், பிளேயரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஸ்டீரியோ கேபிளை இணைக்கலாம். பல லேப்டாப்களில் இருப்பது ஹெட்செட்டுக்கான ஒரே ஜாக். அதன் மைக் வழி மோனோ. எனவே லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வால்யூமைப் பாதியில் வைத்து, ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவாகப் பதிவு செய்து, வேவ் ஃபைலாக சேவ் செய்திடவும். 90 நிமிடக் கேசட்டுக்கு 950 எம்.பி. வரை இடம் பிடிக்கும். எம்.பி.3 ஆக மாற்றுவதைப் பிறகு செய்யலாம். மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

வாங்கிய பிளேயரில் முதல் முதலாகப் போடுவது தாத்தாவின் கேசட்டாக இருக்கக் கூடாது. யாருக்கும் வேண்டாத ஒரு கேசட்டை இரண்டு பக்கமும் முழுதாக ஓட்டிப் பாருங்கள். ரீவைண்ட், ஃபார்வர்டும் செய்து பாருங்கள். டேப் மடங்கவில்லை, ஓரம் சுருளவில்லை என்றால் அடுத்ததைப் போடலாம். சி-120 கேசட்டின் டேப் மிக மெல்லியது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு வசதியுள்ள செட்டாக இருந்தால், போடுவதற்கு முன் கேசட்டின் பின் ஓரத்தைப் பாருங்கள். இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தகடுகள் உடைபடாமல் இருந்தால், பிளேக்குப் பதிலாக ரெக்கார்ட் பட்டனைத் தவறி அழுத்தும்போது உள்ளதெல்லாம் அழியும். இரண்டு தகடுகளையும் ஸ்குரூடிரைவரால் நெம்பி உடைத்துவிட்டு, அதன் பிறகு கேசட்டைப் போடுங்கள்.